பச்சைத் துளிகள் போன வழி

கார் ஷெட்டின் தரையில் வைத்திருந்த தகரத் தட்டில் ஒரு காபிக் கோப்பை அளவுதான் எண்ணெய் சொட்டியிருந்தது. ஆனால் அளவுக் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால், இஞ்சினில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. மீதி எங்கே?

எய்ரினுக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கேள்வியில் தன் கணவனின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய தாழ்ந்த சிவப்புக் கார் அது. பழைய ஜப்பான் வண்டி. டர்போ பொருத்தியது, சைலன்சரை மாற்றியது, டேஷ்போர்டைப் பிரித்துப் புது மீட்டர்கள் வைத்தது எல்லாம் எய்ரின்தான். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டருக்கு மட்டும் இன்னும் ஒயர் கொடுக்கவில்லை. அக்டோபருக்குப் பிறகு அவள் வண்டியை வெளியே எடுக்கவும் இல்லை. தகுதிச் சோதனைக்கு ஓட்டிப் போவதற்காக ஆணி பதித்த பனிக்கால டயரை மாட்டி நிறுத்தியிருந்தாள். எண்ணெய் ஒழுகும் வண்டிக்குச் சான்றிதழ் கிடைக்காது.

வால்வு மூடியின் பேக்கிங்கை மாற்றினாள். ஒழுகியது. அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் புதிதாகப் பசை போட்டு மாட்டினாள். அப்போதும் ஒழுகியது.

"இஞ்சினே இல்லாம ஒரு கார் வாங்கிடு. ஒழுகவே ஒழுகாது," என்றான் அவள் கணவன் வேமுண்ட். சாப்பாட்டு மேசையில் மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டே கண்ணைக் கசக்கினான். "பகல் முழுக்கத் தூங்கறேன். எழுந்தா தூங்கின மாதிரியே இல்ல. தோள் எல்லாம் வலிக்குது."

"அந்தப் புது மாத்திரை போட்டும் அப்படியா?"

"போட்டா கட்டை மாதிரி விழுந்துடறேன். அப்புறம் ஒண்ணுமே தெரியாது. ஆனா எழுந்ததும் ஏதோ வேலை பார்த்துட்டு வந்த மாதிரி இருக்கு."

வேமுண்டுக்கு சால்மன் மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு வேலை. காலையில் வந்து மாத்திரையைப் போட்டுப் படுத்தால் மாலைதான் எழுவான். எய்ரின் எலெக்ட்ரீஷியன். பகலெல்லாம் கம்பெனி வேனில் ஊர் சுற்றுவாள். வடகோடியில் இருந்த அந்த ஸ்கார்விக் ஊரில் நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி பாதியில்தான் திரும்பும். நடுப்பகலில் வானம் கொஞ்சம் நீலமாகும், அவ்வளவுதான். பகல் தூக்கத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் அங்கே வித்தியாசம் இல்லை.

மறுநாள் ஹால்டிஸ் வந்தாள். எய்ரினோடு பள்ளியில் படித்தவள். இப்போது வாகனச் சோதனை நிலையத்தில் வேலை. வாப்பிள் மேல் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டுக்கொண்டே ஷெட்டுக்குள் வந்து, காரைச் சுற்றி நடந்தாள்.

"அடியே, இதை என்கிட்ட கொண்டுவந்தா நான் ஃபெயில் போடணும். அப்புறம் நீ என்னோட பேசமாட்டே. அதனால முன்னாடியே லஞ்சம் குடுக்க வந்திருக்கேன்." பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் டார்ச்சையும் எடுத்தாள். "இந்தச் சாயத்தை ஆயில்ல ஊத்து. ஊதா டார்ச் அடிச்சா எங்க ஒழுகுதோ அங்க பச்சையா மின்னும். பேயால கூட மறைக்க முடியாது."

சாயத்தை ஊற்றி, கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டார்கள். விளக்கை அணைத்து ஊதா டார்ச்சை அடித்தார்கள். ஒன்றும் மின்னவில்லை.

"வெக்கப்படுது போல," என்றாள் ஹால்டிஸ். "நாலு நாள் கழிச்சுப் பாரு."

போகும் முன் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தாள். இஞ்சின் மூச்சுவிடும் குழாயில் ஈரம் உறைந்து பனிக்கட்டியாக அடைத்திருந்தது. எய்ரின் குழாயைக் கழற்றிக் குளியலறையில் காயப்போட்டாள். குழாய் இருந்த ஓட்டையைக் கட்டையால் அடைத்தாள். எண்ணெய் ஊற்றும் வாயில் தூசி விழாமலிருக்க, கையில் போட்டிருந்த நீல ரப்பர் கையுறையைக் கழற்றி அதன்மேல் மாட்டி ரப்பர் பேண்டும் போட்டாள். பானெட் திறந்தே கிடந்தது. கையுறை இஞ்சின்மேல் துவண்டு படுத்திருந்தது.

அடுத்த நாள் மதியம் மறந்துபோன கருவியை எடுக்க எய்ரின் வீட்டுக்கு வந்தாள். ஷெட் கதவைத் தள்ளித் தன் நெற்றி விளக்கைப் போட்டாள். கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து நின்றது.

நீல நிறத்தில், ஐந்து விரல்களும் விரிந்து, உள்ளங்கை அவளைப் பார்த்தபடி. மெல்ல அசைந்தது. நில் என்கிறதா, வா என்கிறதா என்று புரியவில்லை.

அது தான் மாட்டிய கையுறைதான் என்று புரிய அவளுக்குச் சில விநாடிகள் ஆயின. கிட்டே போய் இஞ்சினைத் தொட்டாள். வெளியே கொட்டும் பனி, உள்ளே இஞ்சின் கதகதவென்று இருந்தது. உள்ளே சூடான காற்று விரிந்து கையுறையை ஊதியிருக்கிறது. குனிந்து பார்த்தாள். இஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டரின் ஒயர் பம்பரின் கீழிருந்து சுவர் வரை போய்ப் பிளக்கில் செருகியிருந்தது.

அவள் செருகவில்லை. ஓட்டாத வண்டிக்கு யாராவது ஹீட்டர் போடுவார்களா?

பிளக்கைப் பிடுங்கினாள். ரப்பர் பேண்டைத் தளர்த்தியதும் கை மெதுவாக மடங்கிச் சாய்ந்தது. மாடிக்கு ஓடினாள். வேமுண்ட் போர்வைக்குள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் காலுறை இருந்தது. மறுகாலில் இல்லை.

மாலையில் கேட்டாள். "ஹீட்டர் நீயா போட்டே?"

"எது, உன் வண்டிக்கா? அதைத் தொட்டா கையை ஒடிச்சுடுவியே தாயே! நீயே போட்டுட்டு மறந்திருப்பே. இருட்டு மாசத்துல எல்லாருக்கும் மண்டை கொஞ்சம் கழண்டுதான் இருக்கும்."

அவன் முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. தானே மறந்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காய்ந்த குழாயை மாட்டி, மூடியைப் போட்டு, பானெட்டைச் சாத்தினாள்.

நாலு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும் முன், வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் நுழைந்தாள். விளக்கை அணைத்து ஊதா டார்ச்சை அடித்தாள்.

வண்டியின் வயிறு முழுக்கப் பச்சையாக எரிந்தது.

பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஆனால் கோடுகள் போன திசை சரியில்லை. நிற்கும் வண்டியில் எண்ணெய் நேராகக் கீழேதான் இறங்கும். இங்கே ஒவ்வொரு துளியும் பின்பக்கமாக இழுபட்டு, கியர் பாக்ஸைத் தாண்டி, பின் சக்கரம் வரை வால்நட்சத்திரம் மாதிரி நீண்டிருந்தது. ஓடும்போது காற்று தள்ளினால்தான் அப்படி வரும்.

படுத்தபடியே ஹால்டிஸுக்குப் போன் செய்தாள்.

"வண்டி ஓடியிருக்குடி. நான் ஓட்டல."

"திருடனா?"

"திருடிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடறானா? அதுவும் ஹீட்டர் போட்டுச் சூடு பண்ணி எடுத்துட்டுப் போறான்."

"அப்போ நம்ம ஊர்க்காரன்தான்," என்று சிரித்தாள் ஹால்டிஸ். "இங்க திருடனுக்குக் கூட குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ண மனசு வராது. ஏய்... ஏன் பேசமாட்டேங்கறே?"

எய்ரின் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குச் சாவி வெளியே எவரிடமும் இல்லை. கார் சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. தூங்கி எழுந்தால் தோள் வலிக்கிறது என்கிறான். ஒரு காலில் காலுறை இல்லை.

"அவனுக்கே தெரியாதுடி," என்றாள் கடைசியில். "தூக்கத்துல ஓட்டறான்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "அந்த மாத்திரையா? எங்க போறான்?"

"அதைத்தான் பார்க்கணும். தரையில துளி இருக்கும்."

வண்டியை இறக்கினாள். ஆணியிலிருந்த சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். வேமுண்ட் அப்போதுதான் மாத்திரை போட்டுப் படுத்திருந்தான். எழுப்பிக் கேட்டால் பழையபடி சிரிப்பான். சாவி கையில் இருக்கும்போது பயமில்லை என்று நினைத்தாள். அவனுடைய முப்பதாவது பிறந்தநாளில் காரின் இன்னொரு சாவியை ரிப்பன் கட்டி அவன் கையில் கொடுத்தவளே அவள்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒரு வீட்டில் ஒயரிங் வேலையை முடித்துக்கொண்டு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேனை எடுத்துப் புறப்பட்டாள். அன்று காற்றே இல்லை. பெரிய பெரிய பனித் துகள்கள் நேராக இறங்கிக்கொண்டிருந்தன. தன் வீட்டு வாசலிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கி, பனியை பூட்ஸால் விலக்கி, டார்ச்சை அடித்தாள். அடியிலிருந்த பழைய பனிக்கட்டியில் பச்சைத் துளிகள் இருந்தன. நாற்சந்திக்கு வந்தாள். வலப்பக்கம் போனால் கடலுக்கடியில் போகும் புதுச் சுரங்கப்பாதை. துளிகள் அந்தப் பக்கம் போகவில்லை. இடப்பக்கம், சரிவில் இறங்கின.

சரிவின் முடிவில் பழைய படகுத்துறை.

சுரங்கம் திறந்ததும் கார்களை ஏற்றிச் செல்லும் படகை நிறுத்திவிட்டார்கள். வேமுண்ட் பிறந்த வீடு எதிர்க்கரையில்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் இந்த வரிசையில் நின்று, அக்கரை போய், அவன் அம்மா கையால் காபி குடித்துவிட்டு வருவார்கள். படகு நின்ற அதே குளிர்காலத்தில் அந்த அம்மாவும் இறந்துபோனாள். இப்போது அங்கே மூடிக் கிடக்கும் டிக்கெட் அறையும், தரையில் வரிசைகளுக்குப் போட்ட வெள்ளைக் கோடுகளும், கடலுக்குள் சாய்ந்து இறங்கும் இரும்புப் பாலமும்தான் மிச்சம். பாலத்தின் வாயில் ஒரு சங்கிலி குறுக்கே தொங்கும். அதற்கு அப்பால் கறுத்த ஆழமான தண்ணீர்.

வேனை டிக்கெட் அறையின் ஓரம் நிறுத்திவிட்டு எய்ரின் முதல் வரிசைக்கு நடந்தாள். டார்ச்சைத் தாழ்த்தினாள்.

வரிசையின் பின்கோடியில், பனிக்கு அடியில், வட்டமாக ஒரு பச்சைத் தேக்கம். ஒரு வண்டி ஓடும் இஞ்சினோடு வெகுநேரம் நின்றிருந்தால்தான் அவ்வளவு ஒழுகும். முன்பு காணாமல் போன லிட்டரும் இப்படித்தான் போயிருக்கும்.

ஒரு கார் நீளம் தள்ளி இன்னொரு வட்டம். அதற்கும் ஒரு கார் நீளம் முன்னால் அடுத்தது.

ஒரே நாளில் அத்தனை இடத்தில் நின்றிருக்க மாட்டான். ஒவ்வொரு முறையும் ஒரு வண்டியளவு முன்னேறியிருக்கிறான். படகுக்குக் காத்திருக்கும்போது அப்படித்தான் நகர்வோம். முன்னால் நிற்பவர் ஏறிப் போனால்தான் நமக்கு இடம் கிடைக்கும்.

அப்படியானால் இவனுக்கு முன்னால் யார் நின்றார்கள்?

கடைசி வட்டம் சங்கிலிக்கு நேர் எதிரே இருந்தது. இனி முன்னால் எவரும் இல்லை. அடுத்த முறை இவன் முறை.

அப்போது சரிவில் வெளிச்சம் தெரிந்தது. தாழ்வாக, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு விளக்குகள். அந்தச் சைலன்சரின் ஒலி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே வைத்தது.

சிவப்புக் கார் அவசரமில்லாமல் வந்தது. இண்டிகேட்டர் போட்டு முதல் வரிசைக்குள் நுழைந்து, சங்கிலிக்கு முன் அளவாக நின்றது. கதவு திறந்தது. வேமுண்ட் பைஜாமாவோடு, மேலே கோட்டுப் போட்டு, வெறும் காலில் பூட்ஸ் மாட்டி இறங்கினான். கண்கள் திறந்திருந்தன. இமை கொட்டவில்லை. அவளைத் தாண்டிப் போய், சங்கிலியைக் கழற்றி, தூணில் அழகாகச் சுற்றி மாட்டிவிட்டுத் திரும்பி வந்து வண்டியில் ஏறினான்.

எய்ரின் ஓடினாள். பனி வழுக்கியது. கதவைத் திறந்து அவன் பக்கத்தில் விழுந்து உட்காரும்போதே கார் நகர ஆரம்பித்துவிட்டது.

"வேமுண்ட்! நிறுத்து!"

"வந்துட்டியா," என்றான் அவன் சாதாரணமாக. "நல்லவேளை. நீ வரமாட்டியோன்னு நினைச்சேன். கையைக் காட்டறாங்க பாரு, ஏறச் சொல்லி."

அவள் முன்கண்ணாடி வழியே பார்த்தாள். விழும் பனி. அதற்கு அப்பால் இருட்டு. சாவியைப் பிடித்துத் திருகினாள். அவன் கை அவள் கையின்மேல் வந்து விழுந்தது. இரும்பு மாதிரி இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கப் பார்த்தாள். அவன் முழங்கை குறுக்கே நின்றது. முன்சக்கரங்கள் இரும்புப் பாலத்தில் ஏறியதும் டயரின் ஆணிகள் கடகடவென்று சத்தமிட்டன. முன்பு படகில் ஏறும்போது கேட்கும் அதே சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு அது தோன்றியது. நிறுத்து என்றால் இவன் காதில் விழாது. இவன் படகுக்கு வந்தவன். படகில் செய்வதைச் சொன்னால் செய்வான்.

பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் முறை சொன்னதைப் போலவே சொன்னாள். "போதும், போதும், முன்னாடி இருக்கறவன் மேல இடிச்சுடப்போறே. ஏறியாச்சு. இஞ்சினை அணை. கியர்ல போடு. ஹேண்ட் பிரேக் நல்லா இழு, இன்னிக்கு அலை இருக்கு."

"தெரியும்மா," என்றான் வேமுண்ட், எப்போதும் சொல்வதைப் போலவே.

கார் நின்றது. இஞ்சின் அடங்கியது. ஹேண்ட் பிரேக் கரகரவென்று மேலே வந்தது. முன் பம்பருக்குக் கீழே எங்கோ தண்ணீர் இரும்பை நக்கிக்கொண்டிருந்தது.

"மேல போய் காபி குடிக்கலாமா?" என்றான்.

"வா. அப்பமும் வாங்கித் தரேன்."

கையைப் பிடித்து இறக்கி, ஒவ்வொரு அடியாக வேன்வரை கூட்டிப் போனாள். ஹீட்டரைப் போட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி அவன் கையில் திணித்தாள். முதல் வாய் குடித்ததும் அவன் கண் ஒரு முறை மூடித் திறந்தது. பிறகு தன் பைஜாமாவைப் பார்த்தான். துறையைப் பார்த்தான். பாலத்தில் மூக்கை நீட்டி நிற்கும் காரைப் பார்த்தான்.

"எய்ரின்," என்றான் வறண்ட குரலில். "நான் இங்க என்ன பண்றேன்?"

அவள் அவனை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் போனிலேயே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். வேமுண்டைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஹால்டிஸைக் கூட்டிக்கொண்டு எய்ரின் காரை எடுக்க வந்தாள். பனி இன்னும் அதே மாதிரி நேராக விழுந்துகொண்டிருந்தது.

ஹால்டிஸ் முதலில் வண்டிக்கடியில் டார்ச்சை நீட்டினாள். "இங்கதான்டி. டர்போலேர்ந்து ஆயில் கீழ இறங்கற குழாய். கிளிப் லூஸ். நல்லா சூடாகி ரொம்ப நேரம் ஓடினாதான் ஒழுகும். அதான் வீட்ல பத்து நிமிஷத்துல தெரியல. அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷ வேலை," என்றாள் எய்ரின். ஒழுகாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாள். மேலே நினைக்கவில்லை.

"நான் பின்னாடி நின்னு கை காட்டறேன், ரிவர்ஸ் எடு," என்று சொல்லிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போன ஹால்டிஸ் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எய்ரின். இங்க வா."

மதியத்திலிருந்து கொட்டிய பனியில் துறை முழுக்க கணுக்கால் உயரத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. வேறு வண்டி எதுவும் வந்த தடம் இல்லை. ஆனால் சிவப்புக் காருக்குப் பின்னால், அதே வரிசையில், பனியே விழாமல் நீள்சதுரமாகத் தார் தெரிந்தது. ஒரு கார் வெகுநேரம் நின்றால் அதன் அடியில் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பின்னால், இடைவெளி விட்டு, இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. சரிவின் இருட்டுக்குள் எத்தனை இருந்தன என்று பார்க்க இருவரும் டார்ச்சைத் திருப்பவில்லை.

"சூடான குழாய் ஏதாவது அடியில போகுமாடி?" என்றாள் ஹால்டிஸ் மெதுவாக.

"இந்த ஊர் ஒயரும் குழாயும் எனக்குத் தெரியும். இங்க ஒண்ணும் இல்ல."

விழும் பனித் துகள்கள் அந்தக் கறுப்புச் சதுரங்களுக்குச் சற்று மேலே வந்ததும் பக்கவாட்டில் சறுக்கி இறங்கின.

எய்ரின் காரில் ஏறினாள். ஸ்டார்ட் செய்தாள். பின்னால் இருந்த சதுரத்தைத் தொடாமல் கவனமாக இரண்டடி மட்டும் பின்னால் வந்தாள். பிறகு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, இண்டிகேட்டரைப் போட்டு, முதல் வரிசையிலிருந்து விலகினாள். கண்ணாடியை இறக்கி, வெளியே கையை நீட்டி, பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டாள்.

சிவப்புக் காரின் பின்னால் வேனைச் சரிவில் ஏற்றும்போது ஹால்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இருவருமே கேட்டார்கள், பின்னால் இரும்புப் பாலத்தில் டயர் ஆணிகள் கடகடத்து ஏறுவதை.